பூஜ்யத்துக்கு வருதல்

திங்கட்கிழமை விடிகாலை நாலே முக்காலுக்கு
ஓசூர் பஸ் என்னைக் காரைக்குடியில்
உதிர்த்துவிட்டுப் போகிறது.
ஸ்வெட்டரைக் கழற்றி மடிக்கிறேன்.
இந்த ஊரில் ஸ்வெட்டர் போட்டவனைக்
காய்ச்சல்காரன் என்பார்கள்.

பையில் மூன்று சட்டை,
பூங்கோதை கட்டித் தந்த தக்காளித் தொக்கு,
பத்து கிலோ இரும்புப் படிக்கல் ஒன்று.
எல்லாக் கண்டக்டரும் கேட்டாயிற்று:
"என்னண்ணே, ஊருக்கு ஊரு கல்லா கொண்டுபோறீக?"
ஆமாம்.
ஓசூரிலும் ஒரு கடை கிடைக்காதா என்றுதான் தூக்கிப் போகிறேன்.
கிடைக்கவில்லை. தூக்கி வருகிறேன்.
காரைக்குடியிலும் பத்து கிலோ, கிருஷ்ணகிரி தாண்டியும் பத்து கிலோ.
இந்த வருஷம் என் வாழ்க்கையில்
அப்படிச் சொல்ல வேறெதுவும் இல்லை.

சித்திரையில் வந்தது அவளுக்கு மாற்றல்.
வங்கி வேலை; உத்தரவென்றால் உத்தரவு.
சொந்தமெல்லாம் கூடி எனக்குத் தீர்ப்புச் சொன்னது:
"ஒனக்கென்னப்பா, சொந்தத் தொழிலு.
யாருகிட்ட லீவு கேக்கணும்?"
வாஸ்தவம்.
கேட்க ஆளில்லை.
கொடுக்கவும் ஆளில்லை.

பதினோரு வருஷமாகத் தராசு ரிப்பேர்.
தேவகோட்டை நகைக்கடைகள், புதுவயல் அரிசி ஆலைகள்,
கானாடுகாத்தானில் ஓட்டலாகிவிட்ட ஒரு வீட்டின் சமையற்கட்டு.
அங்கே ஈஸ்ட்டைக்கூட கிராமில் நிறுக்கும் சமையல்காரர்
தராசு கெட்டால்
பிள்ளைக்கு உடம்பு சரியில்லாததுபோல் பேசுவார்.
முன்பெல்லாம் கூப்பிட்டால் அரைமணியில் நிற்பேன்.
இப்போது எல்லோரும் முதலில் கேட்பது,
"ஊர்லதான் இருக்கீகளா?"

போன வாரம் பள்ளத்தூர் மளிகைக்கடை
வேறொருவரைக் கூப்பிட்டுவிட்டது.
கடையைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்கினேன்.
எட்டிப் பார்த்தேன்.
தராசு ஒழுங்காகத்தான் இருந்தது.
அதுதான் வலித்தது.

இரண்டு வாடகை, இரண்டு சிலிண்டர்,
ஒரே வளையத்தில் இரண்டு வீட்டுச் சாவி.
இருட்டில் எப்போதும்
அந்த ஊர்ச் சாவிதான் இந்த ஊர்ப் பூட்டுக்குள் போகிறது.

தராசை இடம் மாற்றினால் அது பொய் சொல்லும்.
அதன் குற்றமில்லை, தரையின் குற்றம்.
கால் திருகுகளை ஒவ்வொன்றாய்த் திருகி
கண்ணாடிக்குள் குமிழி நடுவே வரும்வரை பார்க்க வேண்டும்.
பிறகு பத்து நிமிஷம் சும்மா விட வேண்டும்,
உள்ளே சூடேற.
அப்புறம்தான் பூஜ்யம்.
இந்தப் பத்து நிமிஷம் எந்தக் கடைக்காரருக்கும் பிடிக்காது.

எனக்கு மட்டும் யார் கொடுத்தார்கள்?
சனிக்கிழமை காலை ஓசூர் வாசலில்
செருப்பைக் கழற்றுமுன் யாழிசை கேட்கிறாள்,
"எப்பப்பா போவே?"
திங்கட்கிழமை இங்கே பஸ் நிற்குமுன் போன் அடிக்கிறது,
சந்தைக் கடை, வெங்காயத் தராசு, உடனே.

ஆடியிலிருந்து ஒன்று செய்கிறேன்.
பெரிய காரியமில்லை.
பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பையைக் காலருகே வைத்து
போனை அணைத்துவிட்டு
ஒரு டீ முழுக்கக் குடிக்கிறேன், ஆற ஆற.
அடுத்த டீக்கு ஆசை வந்தால் அதையும்.
ஒருமுறை அந்த நேரத்தில் ஒரு வேலை கைமாறிப்போனது.
நானூறு ரூபாய்.
டீயோடு சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு.

புதன்கிழமை, புதுவயல்.
மூட்டை நிறுக்கும் மேடைத் தராசுக்கடியில்
உமித் தூசி அடைத்துக் கிடந்தது.
துடைத்தேன், திருகினேன், காத்திருந்தேன்.
மேற்பார்வை சாத்தப்பன் கடிகாரத்தைப் பார்க்கிறார்.
படிக்கல்லை வைத்தேன்: பத்து. எடுத்தேன்: பூஜ்யம்.
கடைசியாக, வழக்கம்போல்
நானே ஏறி நிற்கையில் போன்.

யாழிசைக்கு முன்பல் விழுந்துவிட்டதாம்.
கடலைமிட்டாயோடு விழுங்கிவிட்டாளாம்.
"வயித்துக்குள்ள மொளைக்குமாப்பா?"

சிரிக்கிறேன்.
எழுபத்தொன்று புள்ளி நாலு.
எழுபத்திரண்டு.
எழுபது புள்ளி எட்டு.
சிவப்பு எண்கள் குதிக்கின்றன.
"என்ன தம்பி, நிக்க மாட்டேங்குது?
இப்பத்தானே சரி பண்ணுனீக?"

போனைப் பொத்திக்கொண்டு சொல்கிறேன்:
"தராசு சரியாத்தான் இருக்குண்ணே.
மேல நிக்கிற ஆளுதான் ஆடுது.
கொஞ்சம் பொறுங்க."